முறைக்கூத்திலிருந்து நாடக மன்றத்திற்கு: ஒலக்கூர் – திண்டிவனம் வட்டாரத்தில் புதிய கூத்துக் குழுக்கள் அறியப்படும் முறை

ஆய்வுச் சுருக்கம்

தெருக்கூத்து பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் பரம்பரை, சடங்கு, பனுவல் ஆகிய மூன்றையும் சுற்றியே அமைந்துள்ளன. புதிதாகத் தோன்றும் ஒரு குழு ஊராரால் எவ்வாறு இனங்காணப்படுகிறது என்னும் வினா போதிய கவனம் பெறவில்லை. முறையுரிமை தளர்ந்து ஒப்பந்தக் குழுக்கள் உருவான 20ஆம் நூற்றாண்டு மாற்றத்தை முன்வைத்து, ஊரின் தேர்வும் நிறுவனங்களின் தேர்வும் வெவ்வேறு வழிகளில் சென்றதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச் சொற்கள்: தெருக்கூத்து, கட்டைக்கூத்து, முறை, நாடக மன்றம், அச்சாரம், பாரத விழா, திண்டிவனம்

முன்னுரை

2018 சனவரி 6ஆம் நாள் சென்னையில் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ என்னும் இசைக்குழு முதன்முறையாக மேடையேறியது. கானா, ராப், ராக் ஆகியவற்றைப் பாடுவோரும் இசைப்போரும் தேர்ந்தெடுக்கப்பட்டு உருவான குழு அது. இயக்குநர் பா. இரஞ்சித்தின் முன்னெடுப்பும் இசையமைப்பாளர் டென்மாவின் ஒருங்கிணைப்பும் அதற்குப் பின்னிருந்தன. அயோத்திதாசரின் சாதியற்ற தமிழர் என்னும் கருத்தை அதன் பெயர் நினைவூட்டியது. திரைப்படத் துறைக்கு வெளியே தனித்து இயங்கும் இசைக்குழு என்பது தமிழகத்தில் அண்மைக்கால நிகழ்வு என்னும் எண்ணம் இத்தகைய செய்திகளோடு சேர்ந்தே பரவியது. எந்த நிறுவனத்தையும் சாராமல் ஊர்தோறும் ஆடிப் பாடிப் பெயரெடுத்து, அப்பெயரைக் கொண்டே அடுத்த ஊரின் அழைப்பைப் பெற்ற குழுக்கள் வட தமிழகத்தில் பல தலைமுறைகளாக இருந்துவருகின்றன. கூத்துக் குழுக்களே அவை.

இவ்வாய்வுக்கு ஒலக்கூர் பொருத்தமான இடம். திண்டிவனத்திற்கு வடக்கே, செங்கற்பட்டு – விழுப்புரம் இருப்புப்பாதையில் அமைந்த இவ்வூரைச் சுற்றிய பகுதி, பழைய தென்னார்க்காடு, வடார்க்காடு, செங்கற்பட்டு மாவட்டங்கள் நெருங்கும் எல்லைப்புறமாகும். 1993இல் விழுப்புரம் மாவட்டம் பிரிந்தபின்பும் இந்நிலை மாறவில்லை. வந்தவாசி, செய்யாறு பக்கத்துக் கூத்து வடக்கத்தி பாணி என்றும், திண்டிவனம், விழுப்புரம் பக்கத்தது தெற்கத்தி பாணி என்றும் கலைஞர்களாலும் ஆய்வாளர்களாலும் பொதுவாகப் பிரிக்கப்படுகின்றன. எல்லைப்புறத்தில் இரண்டையும் கேட்டு வளரும் செவி, ஒன்றை மட்டும் கேட்ட செவியைவிடக் கறாரானது எனக் கொள்ள இடமுண்டு.

முறையும் ஒப்பந்தமும்

கூத்தாடுதல் முற்காலத்தில் குறிப்பிட்ட குடும்பங்களுக்குரிய ஊர்ப்பணியாக இருந்தது. அது உரிமையாகவும் கடமையாகவும் ஒருசேர விளங்கியது. அதற்குப் பெயர் ‘முறை’. ஹன்னே டி புரூயின் 1999இல் வெளியிட்ட கட்டைக்கூத்து ஆய்வு இவ்வமைப்பையும் அது தளர்ந்த விதத்தையும் விரிவாக எடுத்துரைக்கிறது. முறை நிலவிய ஊரில் எந்தக் குழுவை அழைப்பது என்னும் கேள்வியே எழவில்லை. ஆட வேண்டியவர் யார் என்பது பிறப்பால் முடிவாகியிருந்தது. நன்றாக ஆடினாலும் ஆடாவிட்டாலும் அவரே வருவார். கூலியாகத் தானியமும் துணியும் அவருக்கே சேரும்.

20ஆம் நூற்றாண்டின் போக்கில் இம்முறை படிப்படியாக ஒப்பந்தத்திற்கு வழிவிட்டது. உழவுத்தொழில் செய்யும் சாதியினரும் வேடங்கட்டத் தொடங்கினர். பரம்பரைப் பின்னணி இல்லாதவர் ஒரு வாத்தியாரிடம் பயின்று குழுவில் சேர்ந்தனர். ஏறத்தாழ 15 பேர் கொண்ட குழுக்கள், ‘நாடக மன்றம்’ என்னும் பெயரோடு, பணத்திற்கு ஆடும் தொழிற்குழுக்களாயின. கூத்து என்னும் சொல்லுக்கு நகரத்தார் கொடுத்த இழிபொருளை நாடகம் என்னும் சொல்லால் துடைத்துக்கொள்ளும் விருப்பமும் இப்பெயர் மாற்றத்தில் இருந்தது எனலாம். ஆடப்படுவது கூத்தே, பெயர்ப் பலகையில் இருப்பது நாடகம்.

இம்மாற்றத்தைச் சிதைவாக மட்டும் காண்பது ஒருதலைப்பட்சமானது. முறையோடு பிணைந்திருந்த சாதிக் கட்டாயம் அதனால் தளர்ந்தது. உறுதியான வருவாயும் அதனோடு போயிற்று. முறைக் கலைஞர் ஊருக்குக் கட்டுப்பட்டவர். ஒப்பந்தக் கலைஞரோ பருவத் தொடக்கத்தில் வாங்கிய முன்பணத்திற்காகக் குழுத்தலைவருக்குக் கட்டுப்பட்டவர். எனினும் ஊரார்க்குத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு அப்போதுதான் கிடைத்தது. ‘இந்தக் குழு புதிதாக வந்திருக்கிறது, நன்றாக ஆடுகிறது’ என்னும் பேச்சுக்கு அதன்பிறகே பொருள் உண்டாயிற்று.

புதிய குழுக்கள் உருவாவதற்கு அச்சு நூல்களும் துணைபுரிந்தன. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து சென்னைப் பதிப்பகங்கள் கூத்து நூல்களை மலிவு விலையில் அச்சிட்டன, பி. இரத்தின நாயகர் அண்ட் சன்ஸ் இவற்றுள் பெயர்பெற்றது. ஏட்டுச்சுவடி ஒரு குடும்பத்தின் பெட்டிக்குள் இருந்தவரை பாட்டும் அக்குடும்பத்திற்குள் நின்றது. சந்தையில் வாங்கத்தக்க நூலானபின் எழுத்தறிந்த எவரும் அதை மனப்பாடம் செய்யலாம். பாட்டின் மெட்டையும் அடவையும் நூல் கற்றுத்தராது என்பதும் உண்மை. ஆகவே நூலை வைத்துக்கொண்டு வாத்தியாரைத் தேடும் இளைஞர் என்னும் புதிய மாணவர் வகை உருவாயிற்று.

விழாக்களமே தேர்வுக்களம்

செஞ்சி, திண்டிவனம் வட்டாரங்கள் திரௌபதியம்மன் வழிபாடு செறிந்த பகுதிகள். ஆல்ஃப் ஹில்டபைட்டல் 1988, 1991ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட இரு தொகுதிகள் செஞ்சியை அடுத்த மேலச்சேரியை இவ்வழிபாட்டின் முதன்மை மையமாகக் கொண்டு இதனை நிறுவியுள்ளன. பாரத விழாவில் பகலில் வில்லிபாரதத்தை அடியொற்றிய பிரசங்கமும் இரவில் கூத்தும் நிகழும். வில் வளைப்பு, துகில், அர்ச்சுனன் தபசு, கர்ண மோட்சம் என இரவுகள் நகர்ந்து பதினெட்டாம் போரில் முடியும். மறுநாள் காலை மண்ணால் கிடத்திய துரியோதனன் உருவத்தருகே படுகளம், பின்னர் தீமிதி. படுகளத்தில் துரியோதனனாகவும் வீமனாகவும் நிற்பவர் முந்தைய இரவு முழுதும் ஆடிய அதே கலைஞர்களே.

இவ்வமைப்பின் விளைவு ஒன்று கருதத்தக்கது. பாரத விழாவுக்கு அழைக்கப்படும் குழுவே அவ்விழாவின் எல்லா இரவுகளையும் தாங்க வேண்டும். ஓர் இரவு சறுக்கினால் விழாவே குறைப்பட்டதாகும்; சடங்கும் குறைப்படும். எனவே எந்த விழாக்குழுவும் அறியாத குழுவிடம் பாரதத்தை ஒப்படைப்பதில்லை. புதிய குழுவுக்கு வாயில் வேறிடத்தில் திறக்கிறது. ஆடி மாதத்து மாரியம்மன் விழாவில் ஓரிரவுக் கூத்து அதில் ஒன்று. மற்றொன்று இறந்தவர்க்குச் செய்யும் பதினாறாம் நாள் கருமாதியில் ஆடப்படும் கர்ண மோட்சம். துக்க வீட்டில் ஆடும் கூத்துக்குக் குறைந்த தொகையே கிடைக்கும். ஆயின் அங்கே பல ஊர் உறவினர் திரண்டிருப்பர். கர்ணன் பொன்னுருவியிடம் விடைபெறும் காட்சியில் புதிய கலைஞர் ஒருவர் கூட்டத்தை அழவைத்துவிட்டால், விடிந்ததும் அச்செய்தி பல ஊர்களுக்குப் பேருந்து ஏறிவிடும். இளங்குழுக்களின் வரலாற்றில் இழவு வீட்டுக்கு உள்ள இடம் கோயில் களத்தின் இடத்திற்குச் சற்றும் குறைந்ததன்று; கோயிலை மட்டும் பின்தொடரும் ஆய்வு இதனைத் தவறவிடுகிறது.

ஊரார் குழுவை மதிப்பிடும் அளவுகோல்கள் எழுதப்படாதவை, எனினும் துல்லியமானவை. களரி கட்டும்போதே முகவீணையும் மத்தளமும் ஒத்துப்போகின்றனவா என்பது தெரிந்துவிடும். திரைக்குப் பின்னிருந்து வேடக்காரர் பாடும் விருத்தத்தில் குரல் எடுபடவேண்டும். பின்பாட்டுக்காரர் இடறாமல் வாங்க வேண்டும். கட்டியக்காரனின் பகடி அந்த ஊரின் நடப்பைத் தொட வேண்டும். பிற ஊரில் சொன்னதையே சொல்பவரை மக்கள் எளிதில் கண்டுகொள்வர். நள்ளிரவுக்குப் பின் கூட்டம் கலைகிறதா, பாயை விரித்தவர் எழுந்து உட்காருகிறாரா என்பதே பலருக்கு இறுதிச் சோதனை. ஆட்டத்தின் நடுவே பார்வையாளர் பணம் அளிப்பதும், அளித்தவர் பெயரைக் கட்டியக்காரன் உரக்க அறிவிப்பதும் வழக்கம். எந்த வேடத்திற்கு எத்தனை முறை அறிவிப்பு வந்தது என்பதைக் கூட்டம் முழுவதும் கேட்கிறது. இது வெளிப்படையான வாக்கெடுப்பு போன்றதே.

ஒலிபெருக்கி வந்தபின் அளவுகோல் மாறியது. திறந்தவெளியில் கடைசி வரிசைவரை எட்டுவதற்காக வளர்ந்த உச்சக் குரல், களத்தின் மேல் ஒலிவாங்கி தொங்கத் தொடங்கியதும் முன்போல் இன்றியமையாததாக இல்லை. நுணுக்கமாகப் பாடும் மெல்லிய குரலுக்கும் இடம் கிடைத்தது. மூத்தவர் சிலர்க்கு இது வீழ்ச்சி; இளையவர்க்கு வாயில்.

ஒரு குழுவை அழைக்க விரும்பும் ஊரார் அக்குழு ஆடும் வேற்றூருக்கு ஓரிரவு சென்று பார்ப்பர். மனநிறைவு கொண்டால் தாம்பூலத்தோடு அச்சாரம் கொடுப்பர். இடைத்தரகருக்கு இவ்வேற்பாட்டில் இடம் சிறிதே. தென்மாவட்டங்களின் ஸ்பெஷல் நாடகத்தோடு ஒப்பிட்டால் வேறுபாடு புலப்படும். அங்கே நடிகர் தனித்தனியே ஒப்பந்தமாகி மேடையில்தான் ஒன்றுகூடுவர். முகவர்களின் பங்கு பெரிது. சூசன் சைசர் 2005இல் வெளியிட்ட நூல் இதனை நன்கு விளக்குகிறது. கூத்தில் விலை பேசப்படுவது குழு. நினைவில் நிற்பது வேடக்காரர். இம்முரணிலிருந்தே குழுக்கள் உடைகின்றன. துரியோதனன் வேடத்தால் குழுவுக்குப் பெயர் வருகிறது என்று ஊர் சொல்லும்போது, அவ்வேடக்காரர் தாமே ஒரு மன்றம் தொடங்க நெடுநாள் ஆவதில்லை. புதிய குழு என்பது பெரும்பாலும் பழைய குழுவொன்றின் பிளவே.

ஏட்டில் ஏறிய குழுக்கள்

ஊரின் செவி இவ்வாறு இயங்க, நகரமும் கல்விப்புலமும் வேறு வழியில் குழுக்களைக் கண்டடைந்தன. 1977இல் கூத்துப்பட்டறையை நிறுவிய ந. முத்துசாமி, செய்யாற்றை அடுத்த புரிசையின் கூத்து மரபைத் தற்காலத் தமிழ் நாடக உலகின் கவனத்திற்குக் கொண்டுவந்தார். புரிசை கண்ணப்பத் தம்பிரான் கூத்துப்பட்டறை நடிகர்களுக்குப் பயிற்சி அளித்தார். அதன்பின் தெருக்கூத்து என்றாலே புரிசை என்னும் நிலை நகரில் ஏற்பட்டது. புரிசைக் கலைஞர்களின் ஆற்றல் ஐயத்திற்கு இடமற்றது. அதேவேளை அக்கால அளவில் திண்டிவனம் பக்கத்தில் ஊரார் போற்றிய தெற்கத்திக் குழுக்கள் எவ்வளவு எழுத்தில் இடம்பெற்றன என்று பார்த்தால் சமனின்மை விளங்கும்.

1990இல் இரண்டு நிகழ்வுகள் ஒருங்கே அமைந்தன. ரிச்சர்ட் ஃபிராஸ்காவின் தெருக்கூத்து நூல் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தால் வெளியிடப்பட்டது. காஞ்சிபுரத்தில் பெ. இராஜகோபால் முன்னின்று கட்டைக்கூத்துச் சங்கம் தோன்றியது. புஜத்திலும் மார்பிலும் தலையிலும் அணியும் மரக்கட்டை அணிகளால் பெற்ற ‘கட்டைக்கூத்து’ என்னும் பெயரைச் சங்கம் முன்னிறுத்தியது. தெருவில் ஆடுவது என்னும் இகழ்ச்சிக் குறிப்பை அது ஏற்கவில்லை. 2002இல் தொடங்கி 2020வரை இயங்கிய அதன் குருகுலம் பெண்பிள்ளைகளுக்கும் பயிற்சி அளித்தது. ஆண்களே பெண்வேடம் புனைந்துவந்த கலையில் இது பெரும் திருப்பம். ஊரின் தேர்வுமுறை ஒருபோதும் கண்டறிந்திராத கலைஞர்களை இங்கே நிறுவனமே உருவாக்கியது. ஊரின் சுவை நுண்மையானது என்பதால் நியாயமானது என்று ஆகிவிடாது.

சாதியைப் பொறுத்தும் இக்கூற்று பொருந்தும். ஊர்த்தெருவும் காலனியும் தனித்தனியே விழா எடுக்கும் கிராமங்களில், குழு எந்தக் களத்தில் ஆடுகிறது என்பதைப் பொறுத்தே அதனை யார் பார்க்கிறார் என்பதும் அமைகிறது. பார்க்கப்படாத குழுவுக்கு அச்சாரம் வராது. முறை தளர்ந்ததால் வேடங்கட்டும் உரிமை விரிந்தது. பார்வையாளர் வட்டம் அதே அளவு விரிந்தது எனக் கொள்ள முடியாது. 2007இல் தொடங்கிய சென்னை சங்கமம் போன்ற நகர விழாக்கள் சாதியறியாத பார்வையாளரைத் தந்தன. ஆயின் விடியவிடிய ஆடும் கூத்தைச் சிறுபொழுதுக்குச் சுருக்கக் கேட்டன. அச்சிறுபொழுதில் மின்னுபவர் வேறு, நள்ளிரவுக்குப் பின்னும் கூட்டத்தைக் கட்டிப்போடுபவர் வேறு.

இன்று விழாக்களத்தின் ஓரத்தில் நிழற்படக்கருவி நிற்கிறது. முழு இரவுக் கூத்துகள் யூடியூபில் ஏற்றப்படுகின்றன. வேற்றூருக்குச் சென்று பார்த்து அச்சாரம் கொடுத்த விழாக்குழுவினர் கைப்பேசியிலேயே குழுவைப் பார்த்துவிட முடிகிறது. குழுவின் பெயர், ஆடிய ஊர், நாள் ஆகியன தலைப்பிலேயே பதிவாகும் இக்காணொளிகள், விருதுப் பட்டியல்களில் இடம்பெறாத மன்றங்களுக்குக் கிடைத்துள்ள முதல் ஆவணத் தொகுதி எனலாம். அவை தனியார் கணக்குகளில் உள்ளன. கணக்கு நீக்கப்பட்டால் பதிவும் நீங்கும். பல்கலைக்கழக நாட்டார் வழக்காற்றியல் துறைகள் ஒரு விழாப்பருவத்தின் காணொளிகளையேனும் ஊர், குழு, வேடம் வாரியாக அட்டவணைப்படுத்தினால், ஒலக்கூர் போன்ற எல்லைப்புற ஊர்களில் வடக்கத்திக் குழுவும் தெற்கத்திக் குழுவும் எங்கெங்கே ஆடுகின்றன என்பதை முதன்முறையாக நிலப்படத்தில் குறிக்க இயலும்.