சோதோமின் பாவம் எது?

தன்பால் உறவு குறித்துக் கிறித்தவ உலகில் பேச்செழும்போதெல்லாம் முதலில் எடுத்துவைக்கப்படுவது, நெருப்பில் அழிந்த சோதோம் நகரத்தின் கதை (ஆதியாகமம் 19). ஆனால் அந்நகரம் செய்த பாவம் எது என்பதில் விவிலியத்திற்குள்ளேயே ஒரே குரல் இல்லை. எசேக்கியேல் (16:49) சொல்வது செருக்கையும், உண்டு கொழுத்தும் ஏழையைத் தாங்காமல் விட்டதையும். இயேசு சோதோமை நினைவூட்டுவது, தம் சீடரை ஏற்க மறுக்கும் ஊர்களைப் பற்றிப் பேசும்போது. யூதாவின் நிருபமோ காம மீறலைச் சுட்டுகிறது. அலெக்சாந்திரியாவின் ஃபைலோவும் முதல் நூற்றாண்டிலேயே அவ்வாறு வாசித்தவர்தாம்.

இந்த வாசிப்பே வென்றது. 1049ஐ ஒட்டிப் பீட்டர் தமியான் என்னும் துறவி, இக்குற்றம் புரிந்த குருக்களைப் பதவிநீக்க வேண்டித் திருத்தந்தை ஒன்பதாம் லியோவுக்கு ஒரு நூல் எழுதினார். 'சொதோமியா' என்ற சொல்லை ஆக்கியவர் அவரே என்பார் ஆய்வாளர் மார்க் ஜோர்டன். ஊரின் பெயர் ஒரு செயலின் பெயராயிற்று. யார் யாருக்குத் தீங்கிழைத்தார் என்ற கேள்வி பின்னுக்குப் போயிற்று. முற்றிலும் போய்விடவில்லை: தம் ஞானப்பிள்ளைகளையே கெடுத்த குருக்கள்மீதுதான் தமியானின் சினம் மிகுதி. லியோ நூலைப் பாராட்டினார். தண்டனையில் அத்தனை கடுமை காட்டவில்லை.

1955இல் ஆங்கிலிக்கன் குருவான டெரிக் ஷெர்வின் பெய்லி, சோதோமின் பாவம் விருந்தோம்ப மறுத்ததே என வாதிட்டார். வந்தவரை 'அறிய' வேண்டும் என்று கூட்டம் கேட்டதில் காமப் பொருள் இல்லை என்றார். இது நிற்காது என்றே நமக்குத் தோன்றுகிறது. அதே அதிகாரத்தில் லோத்து, ஆணை 'அறியாத' தன் பெண்களை அக்கூட்டத்துக்குத் தர முன்வருகிறானே! விருந்தினரைக் காக்கப் பலியாகவிருந்த அப்பெண்கள் யாருடைய பாவக்கணக்கில் வருவார்கள்?

இக்கேள்விக்கு நெருங்கி வந்தது, இங்கிலாந்தில் குவேக்கர் குழு ஒன்று 1963இல் வெளியிட்ட சிறுநூல். அது அச்சபையின் அதிகாரபூர்வ நிலைப்பாடன்று. ஆண்களுக்கிடையிலான உறவு அங்கே 1967வரை குற்றம். அந்நூலோ, மெய்யன்பு உள்ள உறவு தன்பால் உறவு என்பதாலேயே பாவமாகாது என்றது. ஒருவர் மற்றவரைச் சுரண்டுவதையும் வற்புறுத்துவதையுமே பாவமாகக் கண்டது. அவ்வளவுகோலுக்கு ஆண்-பெண் உறவும் தப்பாது.

கத்தோலிக்கத் திருச்சபை இதை ஏற்கவில்லை. 2023 டிசம்பரில் வத்திக்கான், தன்பால் இணையருக்குச் சடங்கின்றி ஆசி வழங்க இசைந்தது. ஆசி பெறுவோர் இணையரே, அவர்களது இணைவன்று என்ற விளக்கமும் பின்னர் தரப்பட்டது.