பாட்டி காலத்து பொம்மையை வீட்டிலேயே சரிசெய்வது எப்படி? பெயிண்ட் டப்பாவைத் திறக்கும் முன் இதைப் படிங்க!

காற்று மோதினாலும், மழை கொட்டினாலும், இடி விழுந்தாலும், நிலமே அதிர்ந்தாலும் அழகு குலையாத பாவை ஒன்று கொல்லிமலையில் இருப்பதாக சங்க இலக்கியமான நற்றிணை சொல்கிறது. அதுதான் கொல்லிப்பாவை. நாமக்கல் மாவட்டத்தில், 70 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டிப் போனால் வரும் அந்த மலையில், எட்டுக்கை அம்மனைத்தான் இன்றும் கொல்லிப்பாவையாக வழிபடுகிறார்கள்.

நம் வீட்டு பொம்மைகளுக்கு அந்த வரம் இல்லை. கொள்ளுப்பாட்டி சீதனமாகக் கொண்டு வந்த மரப்பாச்சியும், கொலுவுக்கு வாங்கிய மண் பொம்மையும் ஈரத்தில் ஊறும், வெயிலில் வெடிக்கும், பூச்சி அரிக்கும். மழையும் பனிமூட்டமுமாக இருக்கும் மலை வீடுகளில் இது இன்னும் வேகமாக நடக்கும். ஆனால் பழைய பொம்மைகளைப் பெரும்பாலும் கெடுப்பது வயது அல்ல. நவராத்திரிக்கு முந்தின வாரம் கடையில் வாங்கும் எனாமல் பெயிண்ட்தான். மேலே அடித்த பெயிண்டை உரித்தால், அடியில் இருக்கும் பழைய வண்ணமும் சேர்ந்தே வந்துவிடும்.

பொம்மை எதனால் செய்தது?

முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். கையில் எடுத்தால் கனமாக, உடைந்த இடத்தில் செங்கல் நிறமாகத் தெரிந்தால் சுட்ட மண். அளவுக்குப் பொருந்தாமல் லேசாக இருந்தால் காகிதக்கூழ். உடைந்த இடம் வெள்ளையாக, தேய்த்தால் மாவாக உதிர்ந்தால் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்.

எதுவாக இருந்தாலும் தண்ணீரில் முக்கிக் கழுவாதீங்க. காகிதக்கூழ் ஊதிப் போகும். சுட்ட மண் தாங்கும், ஆனால் அதன் மேலுள்ள பழைய வண்ணம் கரைந்து ஓடிவிடும். காய்ந்த மென்மையான தூரிகையால் தூசியைத் தட்டினாலே பாதி வேலை முடிந்துவிடும். அதற்கும் போகாத அழுக்குக்கு, பஞ்சை லேசாக நனைத்துப் பிழிந்து, பொம்மையின் அடிப்பக்கத்தில் ஒரு புள்ளி அளவு தொட்டுப் பாருங்க. பஞ்சில் நிறம் ஒட்டினால் அத்தோடு நிறுத்திவிட வேண்டும்.

மரப்பாச்சி கதை வேற

அசல் மரப்பாச்சி செம்மரத்தில் கடைந்தது. அந்த மரத்தின் சிவப்புச் சாயம் தண்ணீரில் அதிகம் கரையாது, ஆல்கஹாலில் நன்றாகக் கரையும். அதனால் சானிடைசர், ஸ்பிரிட், ஸ்பிரிட் கலந்த பாலிஷ் எதுவும் வேண்டாம். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால், தேய்ந்து மழுங்கிய மூக்கும் கண்ணும் மொத்தமாகக் காணாமல் போகும். நன்றாகப் பிழிந்த துணியால் துடைத்து, உடனே காய்ந்த துணியால் ஒற்றி, நிழலில் வைத்தால் போதும். வெயிலில் வைத்தால் விரிசல் விடும்.

விரிசல் ஏற்கனவே இருந்தால்? அடைக்க வேண்டாம். மழைக்காலத்தில் மரம் உப்பும், கோடையில் சுருங்கும். நடுவில் கெட்டியான பட்டியைத் திணித்தால், பக்கத்தில் புது விரிசல் கிளம்பும்.

கை உடைந்துவிட்டதா?

சொட்டு விட்டதும் ஒட்டும் பசையைத்தான் எல்லோரும் தேடுவோம். மண் பொம்மை அதை உறிஞ்சிக்கொள்ளும், கோணலாக ஒட்டினால் பிரிப்பதும் கஷ்டம். கொண்டபள்ளி பொம்மைக் கைவினைஞர்கள் மரத்தூளைப் புளியங்கொட்டைப் பசையில் குழைத்துப் பாகங்களை ஒட்டுகிறார்கள். தேவைப்பட்டால் பின்னாளில் பிரிக்கக்கூடிய பசை அது. ஆனால் பூச்சிக்கும் பிடித்த உணவு என்பதால், ஈரமான இடத்தில் வைக்கக் கூடாது.

தஞ்சாவூர் தலையாட்டி பொம்மையில் இன்னொரு சிக்கல் உண்டு. சாய்த்துவிட்டால் எழுந்து நிற்கும் ராஜா, ராணி பொம்மைகளின் ரகசியம் அடியில் இருக்கும் கனம்தான். தலைப்பக்கம் பட்டியை அப்பினால், பொம்மை எழுந்திருக்காமல் படுத்தே கிடக்கும்!

குழந்தைகள் இருக்கும் வீடா? கவனம்

பழைய பெயிண்டில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. வீட்டு உபயோக பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம் அளவைத் தாண்டக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று எதுவுமே இல்லை என்கிறது உலக சுகாதார அமைப்பு. எனவே வண்ணம் உதிரும் பொம்மையைச் சுரண்டாதீங்க, தேய்க்காதீங்க. உதிர்ந்த தூளை ஈரத்துணியால் ஒற்றி எடுங்க, கையைக் கழுவுங்க. குழந்தை வாயில் வைத்து விளையாட அதைக் கொடுக்கவே வேண்டாம்.

எடுத்து வைக்கும்போது செய்தித்தாள் வேண்டாம், மை ஒட்டும். துவைத்து நன்றாகக் காய்ந்த பழைய வேட்டித் துணி போதும். பொம்மையில் ஈரம் இருக்கும்போது பிளாஸ்டிக் பையில் கட்டினால் பூஞ்சை பிடிக்கும். பெட்டியில் புதிதாக மாவுபோல் தூள் கொட்டியிருந்தால் உள்ளே பூச்சி இருக்கிறது என்று அர்த்தம். அந்த பொம்மையை மட்டும் தனியாக எடுத்து வைங்க.

உங்கள் கைக்கு மீறிய வேலை என்றால், மதுரை அருகே விளாச்சேரி, கடலூர் மாவட்டம் பண்ருட்டி போன்ற ஊர்களில் பரம்பரையாக பொம்மை செய்பவர்கள் இருக்கிறார்கள். கொடுக்கும் முன் நாலு பக்கமும் போட்டோ எடுத்துக்கோங்க. "உடைந்த கையை மட்டும் சேர்த்துக் கொடுங்க, முகத்தையும் கண்ணையும் தொட வேண்டாம்" என்று தெளிவாகச் சொல்லிவிடுங்க. சொல்லாவிட்டால், புதுசு போல மின்ன வேண்டும் என்றுதான் கொண்டு வந்திருக்கிறீர்கள் என நினைத்து, முழுசாகவே வண்ணம் பூசிக் கொடுத்துவிடலாம்.