பிரச்சினையும் தீர்வும்: எங்கள் ஆங்கிலக் கொப்பிகளின் கதை

நூற்றாண்டு மலருக்குப் பாடசாலை வரலாற்றில் ஒரு பகுதியை எழுதித் தரும்படி மலர்க்குழுவினர் கேட்டார்கள். கட்டடங்கள், அதிபர்கள், வலைப்பந்தாட்ட அணி பற்றியெல்லாம் மற்றவர்கள் எழுதுவார்கள் என்று எங்களுக்குத் தெரியும். எங்களுக்கு எஞ்சியது ஆங்கிலக் கொப்பி.

எங்களுக்கு மிக மூத்த மாணவியர் ஆங்கிலத்தில் எழுதியவை வேறு விதமானவை என்று கேள்விப்பட்டிருக்கிறோம். ஒரு குடை தன் கதை சொல்லும். மழைநாள் ஒன்று வர்ணிக்கப்படும். 1945இல் இலவசக் கல்வி வந்தது. தாய்மொழிக் கல்வியும் கீழ்வகுப்புகளிலிருந்து படிப்படியாக மேலேறியது. ஆங்கிலம் ஒரு பாடமாகச் சுருங்கியது. எங்கள் காலத்தில் குடை போய்ப் 'பிரச்சினை' வந்துவிட்டது. சூழல் மாசடைதல், காடழிப்பு, நகரங்களில் வாகன நெரிசல் என்று ஒவ்வொன்றுக்கும் காரணம் மூன்று, தீர்வு மூன்று. எல்லாம் பாடமாக்கி வைத்திருந்தோம்.

நாங்கள் சாதாரண தரம் எழுதியது 1996இல். வாகன நெரிசலுக்குத் தீர்வு எழுதிய எங்களில் பலர் வர்ண விளக்குச் சந்தியைக் கண்ணாலும் கண்டதில்லை. தாண்டிக்குளத்துக்கு அப்பால் மண்ணெண்ணெய்க்கே மக்கள் அலைந்துகொண்டிருந்தார்கள். பூந்தோட்டம் நலன்புரி நிலையத்திலிருந்து வந்த பிள்ளைகள் எங்கள் வாங்குகளில் நெருக்கி இருந்து படித்தார்கள். அந்த நெரிசலைப் பற்றி ஒருவரும் எழுதச் சொல்லவில்லை.

எங்கள் ஆங்கில ரீச்சர் கரும்பலகையில் நாலு பெட்டி கீறுவா. நிலைமை, பிரச்சினை, தீர்வு, அந்தத் தீர்வு சரிவந்ததா என்ற மதிப்பீடு. மைக்கல் ஹோயி என்ற ஆங்கில மொழியியலாளர் 1983இல் வெளியிட்ட நூலில் ஏறக்குறைய இதே ஒழுங்கைத்தான் விளக்கியிருக்கிறார் என்று பிற்காலத்தில் அறிந்தோம். ரீச்சர் அதைப் படித்திருந்தாவோ என்னவோ, நாங்கள் நாலாவது பெட்டியை எப்போதும் வெறுமையாக விட்டுவிடுவோம். மூன்றாவதில் 'ஸ்ரெப்ஸ் ஷுட் பி ரேக்கின்' என்று எழுதினால் வேலை முடிந்தது. நடவடிக்கை எடுக்கப்படல் வேண்டும். செயப்பாட்டு வினை எவ்வளவு வசதியானது! எடுப்பவர் யாரென்று சொல்லத் தேவையில்லை. ரீச்சர் விடமாட்டா. அப்படியான ஒவ்வொரு வசனத்துக்குப் பக்கத்திலும் சிவப்பு மையால் 'பை ஹூம்?' என்று எழுதுவா. யாரால்?

ஒருநாள், "உங்கட சொந்தப் பிரச்சினை ஒன்றை எழுதுங்கோ பிள்ளையள்" என்றா. எங்களில் ஒருத்தி 'பாஸ்' பற்றி எழுதினாள். வவுனியாவில் இருக்கவும் கொழும்புக்குப் போகவும் அனுமதிச் சீட்டுக்காக வரிசையில் நின்ற காலம் அது. சுகமில்லாத அம்மம்மாவைக் கூட்டிக்கொண்டு நின்ற கதை. இலக்கணப் பிழை நிறைய இருந்தாலும் வகுப்பில் அதுபோல ஒரு கட்டுரை அதற்கு முன் வரவில்லை. கடைசியில், 'பாஸ் இல்லாமல் செய்யப்படல் வேண்டும்' என்று முடித்திருந்தாள். கொப்பி திரும்பி வந்தபோது அந்த வசனத்துக்குக் கீழே சிவப்புக் கோடு மட்டும் இருந்தது. 'பை ஹூம்?' இல்லை. ரீச்சர் ஒன்றும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

எங்களில் சிலர் 1978இல் தொடங்கிய யாழ்ப்பாண மருத்துவ பீடத்துக்குப் போனோம். அங்கே படிப்பு முழுக்க ஆங்கிலம். முதல் மாதங்களில் விரிவுரைகளில் பாதி விளங்கவில்லை. அந்த நாலு பெட்டி மட்டும் கைகொடுத்தது. நோயாளியின் வரலாறு எழுதுவதும் ஏறத்தாழ அதே ஒழுங்குதான். ஆனால் பெட்டிக்குள் அடங்காததும் உண்டு. 1990களில் வடமத்திய மாகாணத்தில் இனங்காணப்பட்ட, காரணம் தெளிவாகாத நாட்பட்ட சிறுநீரக நோய் எங்கள் மாவட்டத்தின் விவசாயிகளையும் பிடித்திருக்கிறது. கிணற்று நீரா, வெயிலா, விவசாய இரசாயனமா என்று ஆய்வுகள் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. சோதனைத் தாளுக்காகப் பாடமாக்கிய மூன்று காரணத்தை இங்கே எழுத முடியாது. சுத்திகரித்த நீரைக் கொடுக்கிறோம். நாலாவது பெட்டியை நிரப்பப் பல வருடம் காத்திருக்கிறோம்.

2022 பொருளாதார நெருக்கடியோடு எங்கள் பக்கத்து வைத்தியர்கள் பலர் மீண்டும் கட்டுரை எழுதப் பழகினார்கள். இம்முறை ஐ.ஈ.எல்.ரி.எஸ். நாற்பது நிமிடம், குறைந்தது 250 சொற்கள். பிரித்தானியாவில் வைத்தியராகப் பதிய மொத்தம் 7.5 வேண்டும், ஒவ்வொரு பகுதியிலும் 7க்குக் குறையக்கூடாது. பயிற்சித் தலைப்புகளில் ஒன்று இது: வறிய நாடுகளின் வைத்தியர்கள் செல்வந்த நாடுகளுக்குப் போகிறார்கள், இதனால் வரும் பிரச்சினைகளையும் தீர்வுகளையும் எழுதுக. போவதற்காகவே இதை எழுத வேண்டியிருந்தது!

எங்கள் தோழி ஒருத்தி தான் எழுதியதைத் திருத்தித் தரச்சொல்லி வட்ஸ்அப் குழுவில் போட்டாள். நல்ல ஆங்கிலம். 'கிராமப்புற வைத்தியர்களுக்கு ஊக்கம் அளிக்கப்படல் வேண்டும்' என்று முடிந்தது. "பை ஹூம்?" என்று ஒருத்தி பதில் போட்டாள். முதலில் சிரிப்புப் படங்கள் வந்தன. பிறகு இரண்டு நாளாக ஒருவரும் ஒன்றும் எழுதவில்லை. தோழி இப்போது இங்கிலாந்தில் ஒரு வைத்தியசாலையில் இருக்கிறாள். அவள் பார்த்த கிளினிக்கை நாங்கள் எங்களுக்குள் பங்குபோட்டுப் பார்க்கிறோம். அவளைக் குறை சொல்ல எங்களுக்கு மனமில்லை. சேர்த்துப் பார்க்கும் நாட்களில் களைப்பு மட்டும் உண்டு.

நூற்றாண்டுக் கண்காட்சியில் பழைய கொப்பிகளை வைக்க விரும்புகிறோம். இடம்பெயர்வுகளில் பெரும்பாலானவை போய்விட்டன. எங்களிடம் ஒன்றுகூட இல்லை. ரொறன்ரோவிலோ லண்டனிலோ சிட்னியிலோ யாருடைய பெட்டியிலாவது ஒன்று கிடந்தால் அனுப்பிவையுங்கள். சிவப்பு மை மங்கியிருந்தாலும் பரவாயில்லை. பாஸ் பற்றிய அந்தக் கட்டுரை கிடைத்தால், எழுதியவளின் பெயரை அவளிடம் கேட்ட பிறகே போடுவோம்.