மருத்துவக் கல்வியும் மருத்துவ அறமும்

கெடா மாநிலத்தில், சுங்கைப் பட்டாணிக்கு வடக்கே, ஜெராய் மலைக்குத் தெற்கே அமைந்த சிற்றூர் செமிலிங். ரப்பர்த் தோட்டங்களுக்குப் பேர்போன வட்டாரம் அது. மலேசிய இந்தியர் காங்கிரசின் முயற்சியால் 2001-இல் தொடங்கப்பெற்ற ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் இன்று இவ்வூரில்தான் உள்ளது. பால் மரம் வெட்டியோரின் பேரப்பிள்ளைகள் மருத்துவம் பயிலும் இடமாக இவ்வட்டாரம் மாறியது பெருமைக்குரிய செய்தியே. ஆயினும் மருத்துவ மாணவன் நோயறியும் திறனை மட்டும் கற்றால் போதுமா என்ற வினா எஞ்சி நிற்கிறது. அதற்கு இந்நாட்டு வரலாறே விடை கூறுகிறது.

தோட்டத்து மக்கள் அன்று நன்கறிந்த மருத்துவப் பணியாளர் டிரெசர் ஆவார். புண்ணுக்குக் கட்டுப் போட்டவரும், மலேரியாக் காய்ச்சலுக்குக் கொயினா கொடுத்தவரும் அவரே. ஆனால் அவருக்குச் சம்பளம் தந்தது தோட்ட நிர்வாகம். விடியற்காலைப் பெரட்டுக்கு வர இயலாத தொழிலாளி உண்மையில் நோயாளிதானா என்று அவர் சொல்லும் சொல்லில் ஓய்வும் அன்றாடக் கூலியும் அடங்கியிருந்தன. அவர் நோயாளியின் பக்கம் நிற்பதா, நிர்வாகத்தின் பக்கம் நிற்பதா? நல்ல டிரெசர்கள் பலர் தம் மனச்சான்றின்படி நடந்தனர். எனினும் தனி ஒருவரின் நற்குணத்தை மட்டும் நம்பி ஒரு தொழிலின் நேர்மையைக் காக்க இயலாது.

இதனினும் ஆழ்ந்து எண்ணத்தக்கது பெரிபெரி நோயின் வரலாறு. மலாயாவில் அந்நோய் பரவியபோது, தீட்டிய பச்சரிசி உண்ட சீனத் தொழிலாளரையே அது பெரிதும் தாக்கியது. புழுங்கலரிசி உண்ட தமிழரை அவ்வளவாக அணுகவில்லை. டாக்டர் பிராடன் இவ்வேறுபாட்டை எடுத்துக்காட்டினார். அதைச் சோதிக்க முனைந்த டாக்டர் வில்லியம் பிளெச்சர், 1905-ஆம் ஆண்டின் இறுதியில், கோலாலம்பூர் மனநோய் விடுதியில் இருந்தோரை இரு பிரிவாக்கினார். ஒரு பிரிவினர்க்குப் பச்சரிசியும் மற்றொரு பிரிவினர்க்குப் புழுங்கலரிசியும் அளித்தார். பச்சரிசி உண்டோருள் பலர் நோயுற்றனர், உயிரிழந்தோரும் உண்டு. முடிவு 1907-இல் வெளியாயிற்று. பின்னர் பிரேசர், ஸ்டான்டன் ஆகிய இருவர், நெகிரி செம்பிலானில் ஜாவானியத் தொழிலாளர் ஏறத்தாழ 300 பேரைக் கொண்டு ஆராய்ந்து, 1909-இல் அதனை உறுதி செய்தனர். நெல்லைப் புழுக்கும்போது தவிட்டிலுள்ள சத்து அரிசிக்குள் ஊறிவிடுகிறது என்பதும், அச்சத்து வைட்டமின் பி1 என்பதும் பிற்காலத்தில் தெளிவாயின.

இவ்வாராய்ச்சியால் எண்ணற்ற உயிர்கள் பிழைத்தன. ஆராய்ந்தோர் கொடியவரும் அல்லர். நோயின் காரணம் அன்று எவர்க்கும் உறுதியாகத் தெரியாது. ஆயினும் மனநோய் விடுதியில் அடைபட்டிருந்தோர், தட்டில் இடப்பட்ட சோற்றை வேண்டாம் என்று மறுக்கும் நிலையில் இல்லை. அறிவு வென்ற அவ்விடத்தில் அறம் கேட்கும் கேள்வி இதுவே.

அக்கேள்விக்கு உலகம் காலந்தாழ்த்தியே விடை கண்டது. நாஜி மருத்துவர்களின் கொடுமைகளை விசாரித்த நூரம்பர்க் நீதிமன்றம், ஒருவரின் மனமுவந்த இசைவு இன்றி அவர்மீது சோதனை செய்யலாகாது என 1947-இல் வரையறுத்தது. அடுத்த ஆண்டு உலக மருத்துவர் சங்கம் ஜெனீவா உறுதிமொழியை வகுத்தது. 2017-இல் திருத்தப்பெற்றபோது, நோயாளியின் தன்னுரிமையை மதித்தலும் அதில் இடம்பெற்றது.

மலேசியாவிலும் அறம் படிப்படியாகச் சட்டமாயிற்று. 1960-களின் தொடக்கத்தில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவப் புலம், டாக்டர் டி. ஜே. தனராஜ் அவர்களை முதல் தலைவராகக் கொண்டு எழுந்தது. 1971-ஆம் ஆண்டு மருத்துவச் சட்டம் மருத்துவர்களின் பதிவையும் ஒழுங்கையும் நெறிப்படுத்தியது. பட்டம் பெற்றோர் மருத்துவமனையில் பெறும் பயிற்சி 2008-இல் இரண்டாண்டாக நீண்டது. 2012-இல் திருத்தப்பெற்று 2017-இல் நடைமுறைக்கு வந்த சட்டம், மருத்துவர் தொடர்ந்து கற்றலையும் கடமையாக்கிற்று. பட்டத்தோடு படிப்பு முடிந்தது என்னும் எண்ணத்திற்கு இனி இடமில்லை.

எனினும் சட்டம் வேலி மட்டுமே. பயிர் வகுப்பறையிலும் நோயாளியின் கட்டிலருகிலும் வளர வேண்டும். மலாய்மொழிப் படிவம் புரியாத முதிய தோட்டத் தாயிடம் “இங்கே கைநாட்டு வையுங்கள்” என்று மட்டும் சொல்வது இசைவு பெறுதல் ஆகாது. அவர் மொழியில் நோயை விளக்கி, அவர் ஐயம் தீர்த்து, மறுக்கும் உரிமையும் அவர்க்கு உண்டு என்று உணர்த்துவதே இசைவு பெறுதல். இதனை மாணவன் நூலில் படிப்பதைவிட, ஆசிரியர் நோயாளியிடம் பேசும் முறையைக் கண்டே கற்கிறான்.

திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம், மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்து முடிகிறது. நோயாளி, மருத்துவன், மருந்து, உடனிருந்து துணைபுரிபவன் என்பன அவை. வள்ளுவர் முதலில் வைத்தது நோயாளியை. செமிலிங்கில் பயிலும் மாணவன் இவ்வரிசையை மாற்றாது காப்பானாயின், அவன் பாட்டன் பெரட்டில் நின்று பட்ட துயருக்கு ஒருவகையில் ஈடு செய்தவன் ஆவான்.