எல்லை தாண்டி வந்தவளின் வழக்கு

மூணாறிலிருந்து போடிமெட்டு வழியாகப் போடிநாயக்கனூர், குமுளியிலிருந்து கம்பம், பாலக்காட்டிலிருந்து வாளையாறு வழியாகக் கோயம்புத்தூர், கொழிஞ்சாம்பாறையிலிருந்து பொள்ளாச்சி: இச்சாலைகளின் வரலாற்றைத் தேயிலை, ஏலம், நெல், கூலியாட்கள் ஆகியவற்றின் வரலாறாகவே நாம் பெரும்பாலும் வாசித்து வருகிறோம். இவை திருமண வழிகளும்கூட. மலையின் இருபுறமும் பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் குடும்பங்கள் உள்ளவரை, கணவன் வீட்டில் அடிபட்ட பெண் பிறந்தகம் திரும்பும் வழிகளாகவும் இவையே இருக்கும். அவ்வாறு திரும்பியவள் எந்த ஊர் நீதிமன்றத்தின் படியேறலாம் என்பது வெறும் நடைமுறைக் கேள்வியாகத் தோன்றலாம். குடும்ப வன்முறைச் சட்டத்தின் ஒரு நூற்றாண்டு வரலாற்றை இந்த ஒரு கேள்வியின் வழியே வாசிக்க முடியும் என்பதே இப்பதிவின் வாதம்.

முதலில் நிலப்பின்னணி. இன்றைய பாலக்காடு மாவட்டத்தின் பெரும்பகுதி சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. தமிழர் மிகுந்த சித்தூர் வட்டம் கொச்சி அரசுக்கு உட்பட்டது. தேவிகுளமும் பீருமேடும் திருவிதாங்கூரைச் சேர்ந்தவை. ஆக, சித்தூரிலிருந்து பொள்ளாச்சிக்குத் திரும்பிய பெண் ஓர் அரசின் சட்டத்திலிருந்து இன்னோர் அரசின் சட்டத்துக்குள் நுழைந்தாள். 1956 நவம்பர் 1 அன்று அக்கோடு மாநில எல்லையாக மாறியது. சட்டம் நாடு முழுமைக்கும் பொதுவாகிவந்தது. ஆனால் நீதிமன்றத்தின் ஆள்வரை எல்லை மறையவில்லை.

பிரிட்டிஷ் இந்தியாவில் கைவிடப்பட்ட மனைவிக்கு இருந்த எளிய வழி, 1898ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 488ஆம் பிரிவு. மாத ஜீவனாம்சத்தின் உச்சவரம்பு 50 ரூபாய். 1923இல் அது 100 ஆகவும், 1955இல் 500 ஆகவும் உயர்ந்தது. ஆனால் மனுவைக் கணவன் வசிக்கும் இடத்திலோ, அவன் இருக்கும் இடத்திலோ, இருவரும் கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த இடத்திலோதான் கொடுக்க இயலும். அதாவது, எந்த ஊரை விட்டு அவள் தப்பி வந்தாளோ, பெரும்பாலும் அந்த ஊருக்கே அவள் திரும்ப வேண்டும். 1974 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தின் 126ஆம் பிரிவு, மனைவி வசிக்கும் இடத்தையும் அப்பட்டியலில் சேர்த்தது. ஒரு சிறு சொற்றொடர்தான். எனினும் நீதிமன்றம் அவளை நோக்கி எடுத்துவைத்த முதல் அடி அதுவே.

அடுத்த அடி எளிதாக அமையவில்லை. 1983இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 498அ பிரிவு சேர்க்கப்பட்டு, கணவனும் அவனுடைய உறவினரும் இழைக்கும் கொடுமை தனிக் குற்றமாயிற்று. ஆனால் குற்றம் நிகழ்ந்த இடத்திலேயே விசாரணை நடக்க வேண்டும் என்பது பொதுவிதி. நாகர்கோவிலிலிருந்து வெளியேறிச் சென்னையில் குடியேறிய ஒரு பெண்ணின் வழக்கில், கொடுமையின் எந்தக் கூறும் சென்னையில் நிகழவில்லை எனக் கூறி, அங்கு நடந்த நடவடிக்கைகளை உச்சநீதிமன்றம் 2004இல் ரத்து செய்தது. ஒரே மாநிலத்துக்குள்ளேயே நிலைமை இதுவென்றால், மாநில எல்லை கடந்து வந்தவளின் நிலையை விளக்க வேண்டியதில்லை.

குடிமையியல் தரப்பில் மாற்றம் சற்று முந்தியது. 2003ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, இந்துத் திருமணச் சட்டத்தின் கீழ் மனைவி தான் வசிக்கும் இடத்திலேயே மனுச் செய்யலாம். 2006 அக்டோபர் 26 அன்று நடைமுறைக்கு வந்த குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் இன்னும் ஒரு படி மேலே சென்றது. அதன் 27ஆம் பிரிவு, பாதிக்கப்பட்டவள் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் இடத்து நடுவருக்கும் அதிகாரம் அளிக்கிறது. அவர் பிறப்பிக்கும் ஆணை இந்தியா முழுவதும் செல்லும். கம்பத்தில் அத்தை வீட்டில் தங்கியிருப்பவள் பீருமேட்டுக்குப் போகாமலேயே பாதுகாப்பு ஆணை பெறலாம். அதை மீறுவோருக்கு ஓராண்டு வரை சிறையோ, 20,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

குற்றவியல் தரப்பில் எஞ்சியிருந்த தடையை 2019 ஏப்ரலில் உச்சநீதிமன்றத்தின் மூவர் அமர்வு நீக்கியது. தீர்ப்பின் தர்க்கம் கவனத்துக்குரியது: அடி விழுந்தது கணவன் வீட்டில் என்றாலும், அதன் மனவேதனை அவள் தஞ்சம் புகுந்த வீட்டிலும் தொடர்கிறது, ஆகவே அங்கும் வழக்குத் தொடரலாம். கொடுமை என்பது ஓர் இடத்தில் நிகழ்ந்து முடிந்த செயல் அன்று, அவளுடன் எல்லை தாண்டி வருவது என்பதைச் சட்டம் ஏற்றுக்கொண்டது. 498அ இன்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 85, 86 ஆகிய பிரிவுகளாக இருக்கிறது.

ஆயினும் இது வெளியேறியவளின் வரலாறு மட்டுமே. வெளியேற விரும்பாதவள், அல்லது வெளியேற இடமில்லாதவள்? 2005ஆம் ஆண்டுச் சட்டம், உரிமைப்பத்திரம் யார் பெயரில் இருந்தாலும் பகிர்ந்து வாழ்ந்த இல்லத்தில் வசிக்கும் உரிமையைப் பெண்ணுக்கு வழங்கியது. அது நடைமுறைக்கு வந்த இரண்டு மாதங்களுக்குள், மாமியாருக்குச் சொந்தமான வீடு அவ்வரையறைக்குள் வராது என்றது உச்சநீதிமன்றம். அந்நிலைப்பாடு திருத்தப்பட 2020 அக்டோபர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இடுக்கித் தோட்டங்களின் லயங்களில் இக்கேள்வி வேறு உருவம் கொள்கிறது. அங்கே வீடு கணவனுடையதும் அன்று, மாமியாருடையதும் அன்று, நிறுவனத்துடையது. வேலை இருக்கும்வரை வீடு. கொழுந்து பறிப்போரில் பெரும்பான்மையோர் பெண்கள் ஆதலால், லயம் அவள் பெயரில் ஒதுக்கப்பட்டிருக்கவும் கூடும். அந்நிலையில் 19ஆம் பிரிவின்படி கணவனை வெளியேறச் சொல்லி நடுவர் ஆணையிட முடியும். ஒதுக்கீடு கணவன் பெயரில் இருந்து, அவன் வேலையை இழந்தாலோ ஓய்வு பெற்றாலோ, வசிப்புரிமை ஆணை அவளுக்கு எந்த அளவுக்குத் துணை நிற்கும்? சட்டத்தின் எதிர்மனுதாரர் குடும்ப உறவில் இருப்பவரே. தோட்ட நிறுவனம் அல்ல. 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டத்தில்கூட, ஆண் தொழிலாளியைச் சார்ந்த பெற்றோர் மட்டுமே அவர் குடும்பமாகக் கருதப்பட்டனர். பெண் தொழிலாளியின் பெற்றோருக்கு அந்த இடம் 2010ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகே கிடைத்தது. கணவனைப் பிரிந்தவளுக்குத் துணையாக நிற்கக்கூடிய தாய், அதுவரை தோட்டத்தின் கணக்கில் அவள் குடும்பத்தினர் அல்லர்.

2015 செப்டம்பரில் மூணாறின் தமிழ்ப் பெண் தொழிலாளர்கள் ஆண்கள் தலைமையிலான சங்கங்களை விலக்கிவைத்து, பெம்பிளை ஒருமையாகத் திரண்டதைக் கூலி, போனஸ் போராட்டமாகவே பதிவு செய்திருக்கிறோம். அப்பெண்கள் வேலை முடிந்து திரும்பிய வீட்டைத் தொழிலாளர் வரலாறு தொழிலாளர் குடியிருப்பாக மட்டும் பார்த்தது. குடும்பச் சட்ட ஆய்வோ லயத்தைப் பார்க்கவே இல்லை. இவ்விரண்டு துறைகளுக்கும் நடுவில் விடுபட்ட இடத்தில்தான் அவள் வாழ்கிறாள். எல்லை மாவட்டங்களில் களப்பணிக்குச் செல்லும் மாணவர்கள் ஜீவனாம்ச மனுக்களின் முகவரிப் பத்தியையும், லய ஒதுக்கீட்டுப் பதிவேட்டில் உள்ள பெயரையும் சேர்த்து வாசிக்கத் தொடங்கினால், அந்த வரலாற்றை எழுத முடியும்.