வயிற்றுக் கட்டிகள், தீங்கற்றவை

கருப்பையிலோ உணவுக்கால்வாயிலோ தோன்றி, வேறு உறுப்புகளுக்குப் பரவாமல் முளைத்த இடத்திலேயே வளரும் கட்டிகள். கருப்பையின் தசைச் சுவரில் வருவது நார்த்தசைக் கட்டி. ‘பைப்ரொயிட்’ என்ற பெயரே வழக்கில் இருக்கிறது. ‘தீங்கற்றது’ என்றால் புற்றுநோய் அல்ல என்பது மட்டுமே பொருள். அது தரும் குருதிப்போக்கும் வலியும் குழந்தையின்மையும் சிறிய தீங்குகள் அல்ல. இலங்கையில் கம்பளையிலிருந்தோ புசல்லாவையிலிருந்தோ கண்டிக்கு வரும் பெண் “வயித்துல கட்டி” என்று சொல்லும்போது, அந்தச் சொல்லுக்குள் கருப்பையும் குடலும் புற்றுநோய்ப் பயமும் ஒன்றாகவே கிடக்கின்றன. அவற்றைப் பிரித்தறிய மருத்துவத்துக்குப் பல நூற்றாண்டுகள் பிடித்தன.

பழைய மருத்துவத்தில் இவை எல்லாவற்றுக்கும் குன்மம் என்ற ஒரே பெயர்தான். சரக சம்ஹிதை ஐந்து குன்மங்களைச் சொல்கிறது. ஐந்தாவதான இரத்த குன்மம் பெண்களுக்கு மட்டும், கருப்பையில் வருவது. அது கர்ப்பம் போலவே தோன்றும் என்பதால், பத்து மாதம் கழிந்த பிறகே சிகிச்சை செய்ய வேண்டும் என்கிறது அந்நூல். ஸ்கேன் இல்லாத காலத்தில், கருவைக் கட்டியென்று எண்ணிச் சிதைத்துவிடாமல் இருக்க வேறு வழி இல்லை. காத்திருப்பையே ஒரு பரிசோதனையாக்கிய அந்த நிதானம் பாராட்டத்தக்கது. ஆனால் இரத்த குன்மம் முழுவதையும் இன்றைய பைப்ரொயிட் என்று கொள்வது பொருந்தாது. சித்த மருத்துவம் குன்மத்தை எட்டு வகையாக்கியது. இன்று சித்த வைத்தியர் குன்மம் என்றால் பெரும்பாலும் இரைப்பைப் புண்ணையே குறிக்கிறார். கருப்பை அந்தச் சொல்லிலிருந்து மெல்ல விலகிவிட்டது.

உடலைத் திறந்து பார்த்து எழுதும் மரபு இலங்கைத் தமிழுக்கு மானிப்பாயில் வந்தது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். அவர் முயற்சியில் ‘இரண வைத்தியம்’ 1867இலும் ‘மனுஷ அங்காதிபாதம்’ 1872இலும் வெளிவந்தன.

அதே காலத்தில் ஐரோப்பாவில் நுணுக்குக்காட்டி பெரிய மாற்றத்தைச் செய்திருந்தது. லண்டனின் மத்தியூ பெய்லி 1793இல் கருப்பைக் கட்டிகளை வெறுங்கண்ணால் கண்டு விவரித்திருந்தார். அவை மழமழப்பான தசையிலிருந்து பிறப்பவை என்று 1854இல் காட்டியவர் ஜேர்மானிய நோயியலாளர் ருடோல்ப் வேர்க்கோ. கட்டியை மட்டும் அகற்றிக் கருப்பையைக் காக்கும் சத்திரசிகிச்சையை அமெரிக்காவின் அட்லீ சகோதரர்கள் 1844இலேயே செய்திருந்தாலும், கருப்பையையே எடுத்துவிடுவதுதான் நெடுநாள் வழக்கமாக இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் லண்டனின் விக்டர் பொனி அதை விடாப்பிடியாக எதிர்த்தார். அவருடைய மனைவியே இளவயதில் கருப்பையை இழந்தவர். பிள்ளை வேண்டும் என்று நிற்கும் பெண்ணுக்காக வாதாடிய அந்தப் பிடிவாதத்துக்கு இந்த வரலாற்றில் தனி இடம் உண்டு.

கட்டி ஏன் வளர்கிறது? இந்தக் கேள்வியைச் சோதனைச்சாலைக்குக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர், ரீகாவில் பிறந்து சிலியில் குடியேறிய அலெக்சாந்தர் லிப்ஷூட்ஸ். 1938 முதல் அவரும் உடன் உழைத்தோரும், கினிப் பன்றிகளுக்கு ஈஸ்ட்ரோஜென் ஓமோனை இடைவிடாது கொடுத்துப் பார்த்தார்கள். கருப்பையில் மட்டுமல்லாமல் இரைப்பை, குடல், மண்ணீரல் ஆகியவற்றின் வெளிப்பரப்பிலும் நார்க்கட்டிகள் முளைத்தன. புரோஜெஸ்தரோனைச் சேர்த்துக் கொடுத்தபோது அவை தோன்றாமல் தடுக்கப்பட்டன. பழைய குன்மம் போல, கருப்பையும் குடலும் மறுபடியும் ஒரே கேள்விக்குள் வந்த தருணம் அது. மனிதரில் கதை அவ்வளவு நேரானதல்ல. பெண்ணின் பைப்ரொயிட்டுக்கு ஈஸ்ட்ரோஜெனைப் போலவே புரோஜெஸ்தரோனும் ஊட்டம் தருகிறது என்று பிந்திய ஆய்வுகள் காட்டின. மாதவிடாய் நின்றபின் அது பெரும்பாலும் சுருங்குவதற்கு இந்த ஓமோன்கள் குறைவதே காரணம்.

பிறகு கருப்பைக் கட்டியும் உணவுக்கால்வாய்க் கட்டியும் நிரந்தரமாகப் பிரிந்தன. இரைப்பைச் சுவரில் வரும் கட்டிகளையும் தசைக் கட்டிகள் என்றே நோயியலாளர் எழுதிவந்தார்கள். அவற்றில் பலவற்றுக்குத் தசையின் இயல்பு இல்லை என்று 1983இல் மசூர், கிளார்க் இருவரும் காட்டினர். 1998இல் ஜப்பானின் ஹிரோத்தா குழு, அக்கட்டிகளில் ‘கிட்’ என்ற பரம்பரையலகின் விகாரத்தைக் கண்டது. குடலின் அசைவுக்குத் தாளம் கொடுக்கும் கஹால் கலங்களோடு அவற்றுக்கு உறவு இருப்பதும் தெரிந்தது. அவற்றில் சில பரவவும் கூடியவை. எனவே தீங்கற்றவை என்று பொதுவாகச் சொல்லி விட்டுவிட முடியாமல் போயிற்று. கருப்பைக் கட்டிக்கு வேறு வேர். 2011இல் ஹெல்சிங்கி ஆய்வாளர்கள், தாங்கள் சோதித்த பைப்ரொயிட்டுகளில் ஏறத்தாழ 70 வீதத்தில் ‘மெட்12’ பரம்பரையலகு மாறியிருப்பதைக் கண்டார்கள்.

பெருங்குடலின் உட்புறத்தில் தொங்கும் சதைகள் வேறு வகை. அவற்றில் சில பல ஆண்டுகளில் புற்றாக மாறும். 1969இல் நியூயோர்க்கில் வொல்ப், ஷின்யா இருவரும் குடல்நோக்கி வழியாகவே அவற்றை வெட்டியெடுக்கத் தொடங்கியபோது, வயிற்றைத் திறக்கும் தேவை பலருக்கு இல்லாமற் போனது.

கண்டிப் பகுதியில் இவ்வறிவு வேரூன்றியது பேராதனை வழியாக. இலங்கையின் இரண்டாவது மருத்துவ பீடம் 1962இல் அங்கே தொடங்கியது. கண்டிப் பொது வைத்தியசாலை அதன் மாணவருக்கு நோயாளரிடையே பாடம் தந்தது. பேராதனைப் போதனா வைத்தியசாலை 1980இல் வந்தது. பேராதனையின் பெயரை உலக மருத்துவத்தில் நிறுத்திய ஒரு பணி, கட்டிபோல் தோன்றிக் கட்டியல்லாத ஒன்றைப் பற்றியது. மூக்கில் தொங்கும் சிவந்த சதையான ரைனோஸ்போரிடியோசிஸ், இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் குளங்களில் குளிப்போரிடம் காணப்படுவது. அதன் கிருமி பங்கசு அல்ல, மீன்களின் ஒட்டுண்ணிகளுக்கு உறவானது என்று 1999இல் நிறுவிய குழுவில் பேராதனை நுண்ணுயிரியல் பேராசிரியர் சரத் அர்சகுலரத்ன இருந்தார். வெட்டியெடுத்த எந்தச் சதையையும் நுணுக்குக்காட்டியில் பார்க்காமல் பெயரிடக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை.

1996 முதல் நாடெங்கும் நடக்கும் சுகவனிதையர் கிளினிக்குகள் 35 வயதான பெண்களை அழைத்துச் சோதிக்கின்றன. தேயிலைத் தோட்டத்துப் பெண்ணின் சோகைக்குச் சாப்பாட்டுக் குறையையே காரணம் சொல்லிப் பழகிவிட்டோம். மாதந்தோறும் அளவுக்கு மீறிப் போகும் இரத்தத்தைப் பற்றி அந்தக் கிளினிக்கில் அவளிடம் ஒரு கேள்வி கேட்டால், கருப்பை உட்படலத்துக்குக் கீழே மறைந்திருக்கும் ஒரு சிறு கட்டி வெளிப்படக்கூடும்.