கோலி சோடா பாட்டில்

கழுத்துக்குள் கிடக்கும் கண்ணாடிக் கோலியே மூடியாக அமைந்த தடித்த பாட்டில். வடிவமைத்தவர் ஹைரம் காட் (1838–1887) என்ற ஆங்கிலேயர். 1872இல் காப்புரிமை பெற்றார். தமிழகத்துக்குக் கண்ணாடி புதிதன்று. அரிக்கமேட்டில் ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கண்ணாடி மணிகள் செய்யப்பட்டன.

மணல், சோடா உப்பு, சுண்ணாம்புக்கல் ஆகியவற்றோடு உடைந்த கண்ணாடியும் சேர்த்து, சுமார் 1500 பாகை செல்சியஸில் உருக்குவர். மணலிலுள்ள இரும்பே பாட்டிலுக்குப் பச்சைச் சாயல் தருகிறது.

உருகிய கண்ணாடியை அச்சில் ஊதி உடலை உருவாக்கி, வாய் அகலமாக இருக்கும்போதே கோலியை உள்ளே இடுவர். பிறகு வாயைச் சூடாக்கிக் குறுக்குவர். வாயின் உட்பள்ளத்தில் ரப்பர் வாஷர் உட்காரும். சோடாக் கம்பெனியில் பாட்டிலை எந்திரக் கூண்டில் பூட்டிக் கையால் சுழற்றுவர். தலைகீழாகும்போது கோலி வாய்க்கு வரும். கேஸின் அழுத்தம் அதை வாஷரோடு இறுக்கிவிடும். கட்டைவிரலால் அழுத்தினால் ‘டப்’பென்று உள்ளே விழும். கழுத்தில் கிள்ளிவிட்டாற்போல் இரண்டு குழிவுகள் உண்டு. அந்தப் பக்கம் கீழே இருக்கும்படி சாய்த்தால் கோலி அங்கே தங்கும். மாற்றிச் சாய்த்தால் உருண்டு வந்து வாயை அடைக்கும். பழகாதவரைக் கடைக்காரர் இதிலேயே கண்டுகொள்வார்.

இங்கிலாந்தில் இது வழக்கொழிய, 1892இல் வில்லியம் பெயின்டர் காப்புரிமை பெற்ற தகர மூடியே காரணம் என்பர். கோலிக்காகச் சிறுவர்கள் பாட்டிலை உடைத்ததையும் சிலர் சேர்த்துச் சொல்வர். அதன் பங்கு எவ்வளவு என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. ஜப்பானில் ‘ராமுனே’ பானம் இன்றும் இதில்தான் விற்கிறது.

தமிழ்நாட்டுப் பொதுக்கூட்டங்களில் பேச்சாளர் தொண்டையை நனைத்துக்கொள்ளவும், கூட்டத்தைக் கலைக்க வந்தவர் வீசவும் இந்த ஒரே பாட்டில்தான் பயன்பட்டது. இந்தியாவில் இதன் தயாரிப்புக்குப் பெயர்பெற்ற ஊர் உத்தரப் பிரதேசத்திலுள்ள சாஸ்னி. பிளாஸ்டிக் பாட்டில் பரவியபின் சோடாக் கம்பெனிகள் பல மூடப்பட்டன.

2014இல் ‘கோலி சோடா’ என்ற திரைப்படம் வெளிவந்தது. 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பின், தமிழக வணிகர் சங்கங்கள் அந்நியக் குளிர்பானங்களைப் புறக்கணிக்க அழைப்பு விடுத்தபோது, உள்ளூர்ச் சோடாவுக்கு மீண்டும் கேட்பு எழுந்தது. 2025இல் அமெரிக்கா, பிரிட்டன், வளைகுடா நாடுகளுக்குக் கோலி சோடா ஏற்றுமதியாவதாக மத்திய அரசு அறிவித்தது.